துவரம்பருப்பு வேகாததற்குக் காரணம் தண்ணீர்

புது வீட்டுக்கு வந்ததிலிருந்து துவரம்பருப்பு மசியவே இல்லை. எட்டு விசில் விட்டாலும் சாம்பாரில் தண்ணீர் தனி, பருப்பு தனி. பழைய பருப்பாக இருக்கும் என்றார் மாமியார்; கடையை மாற்றினோம். உப்பைக் கடைசியில் போடச் சொன்னார் அக்கா. குக்கர் கேஸ்கட்டும் மாற்றியாயிற்று. ஆனால் அதே குக்கரில் சோறு மட்டும் நன்றாகக் குழைந்தது. அதுதான் உறுத்தியது. அப்புறம் பார்த்தால் குக்கரின் அடியில் வெள்ளைப் படிவு. போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியம், பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். கேன் தண்ணீரில் வேகவைத்தேன், நான்கே விசிலில் வெண்ணெயாக மசிந்தது. அப்பாடா! ஊறவைப்பதும் நல்ல தண்ணீரில்தான் இருக்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். குக்கருக்குள் பாத்திரம் வைத்து வேகவைத்தால், அடியில் ஊற்றப் போர்வெல் தண்ணீரே போதும்.