அம்பது டோஸ், முந்நூறு பேரு: ஊர்ல தடுப்பூசி கேம்ப் நடத்தறது எப்படிங்க

2021ல கொரோனா ஊசிக்கு அல்லாடுனப்ப அவிநாசி பக்கம் ஒரு பஞ்சாயத்து ஸ்கூல்ல நாங்க நாலஞ்சு பேரு வாலண்டியரா நின்னோம்ங்க. விடியறதுக்கு முன்னாடியே வரிசைல செருப்பும் கல்லும் எடம் புடிச்சுக் கெடக்கும். அப்ப கத்துக்கிட்டதைச் சொல்றேன், மறுக்கா ஒரு தடவ இப்படி வந்தா ஒதவும்.

மொதல்ல எத்தனை டோஸ் வருதுன்னு பிஹெச்சில (ஆரம்ப சுகாதார நிலையத்துல) ராத்திரியே கேட்டு வாங்கிருங்க, அதை ஸ்கூல் கேட்டுல பெருசா எழுதிப் போடுங்க. அம்பதுன்னா அம்பதுதான், "வந்தா பார்க்கலாம்"னு மட்டும் சொல்லிராதீங்க, நாங்க ஒரு நாள் அப்படிச் சொல்லிப்போட்டு மத்தியானம் ஆத்தாமாருங்க கிட்ட வாங்குன பேச்சு இருக்குதே, சாமி!

டோக்கனைப் பத்துப் பத்தாக் குடுங்க. அப்பப் போட்ட கோவிஷீல்டு ஊசி பாட்டில் ஒண்ணுல 10 டோஸ் இருந்துச்சு, மூடியக் குத்துனதுல இருந்து 4 மணி நேரத்துக்குள்ள தீக்கணும், அதனால 9 மணிக்கு மொதப் பத்து, ஒன்பதரைக்கு அடுத்த பத்துன்னு டோக்கன்லயே நேரம் எழுதிட்டா கூட்டமும் சேராது, மருந்தும் வீணாகாது. தொறந்த நேரத்த பாட்டில் மேலயே நர்சம்மாவ எழுதச் சொல்லுங்க.

ரெண்டாவது டோஸ்காரங்களுக்குத் தனியா ஒதுக்கி வெச்சிருங்க. ஆனா தேதியப் பார்த்துட்டுக் கூப்புடுங்க. அந்த வருசம் மே 13ல ரெண்டு டோஸுக்கும் நடுவுல இருக்கற கேப்ப 12-16 வாரம்னு நீட்டுனாங்க, அது தெரியாம சேவூர்ல இருந்து பஸ் இல்லாத நாள்ல டிவிஎஸ் 50ல வந்த ஒரு அப்புச்சிய நாங்களே திருப்பி அனுப்புனோம்ங்க, இன்னும் மனசு கேக்கல.

சில பாட்டில்ல கொஞ்சம் எச்சாவே இருக்கும், கை பழகுன நர்சுன்னா பதினோராவது டோஸும் எடுத்துருவாங்க. பாலக்காட்டுக்கு அக்கட்ட அப்படித்தான் 73,38,806 டோஸ் வாங்கி 74,26,164 போட்டோம்னு பினராயி விஜயன் சொன்னாரு. ஆனா ஒரு டோஸுக்கான அரை மில்லி முழுசா வந்தாத்தான் கணக்கு. கம்மியா வந்தா ரெண்டு பாட்டில் மிச்சத்த ஒண்ணாச் சேக்கவே கூடாதுங்க, எத்தனை பேரு நின்னாலும் சரி.

கடைசி பாட்டில்தான் தலைவலி. சாயங்காலம் நாலு பேரு நிக்கறாங்க, பாட்டில் பத்து பேருக்கு. அதுக்குன்னே பக்கத்துத் தறிக்குடோன், மளிகைக்கடை, பால் சொசைட்டின்னு கால்மணி நேரத்துல வரக்கூடியவங்க நம்பர் இருவது எழுதி வெச்சிருந்தோம், வயசுத் தகுதியும் ஆதார் இருக்குதான்னும் முன்னாடியே கேட்டு. ஒருத்தரு நூல் பஞ்சு தலையில ஒட்டுனபடியே ஓடி வந்தாரு. ஆறு பேரு வர்றது உறுதியானதுக்கப்பறம்தான் மூடியக் குத்துனது.

"நம்ம வூட்டுக்கு ஒரு அஞ்சு டோக்கன் எடுத்து வைங்க"ன்னு பெரிய மனுசங்க போன் வரும். நாங்க டோக்கன் கட்டை ஸ்கூல் டீச்சர் கையில குடுத்துட்டோம், அவங்க கிட்டப் படிச்சவங்கதான் பாதி ஊரு, யாரும் வாயத் தொறக்கல.

ஐஸ் பேக்க கல்லு மாதிரி இறுகிக் கெடக்கறப்பவே ஊசி மருந்து கொண்டுவர்ற கேரியர் பொட்டில வெக்காதீங்க, மருந்து உறைஞ்சாலும் கெட்டுரும், 2ல இருந்து 8 டிகிரிதான் வேணும். குலுக்குனா உள்ள தண்ணி ஆடற சத்தம் கேக்கணும், அப்பறம் வைங்க. தொறக்காத பாட்டில் மிச்சமிருந்தா அன்னிக்கே எண்ணி, எழுதி, அதே கேரியர்ல பிஹெச்சிக்கு அனுப்பிருங்க, யார் வீட்டு ஃபிரிட்ஜ்லயும் ராத்திரி வெக்க வேண்டாம்ங்க.