டி.பி. பெட்டியில் வேறு கம்பெனி எம்.சி.பி. மாட்டும்போது நடக்கும் தவறுகள்

டி.பி. பெட்டி என்பது வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி; கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் அதிலுள்ள சுவிட்ச்தான் எம்.சி.பி. அதில் ஒன்று பழுதாகிவிட்டால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: வயர்மேன் வருவார், பக்கத்துக் கடையில் அந்த நேரத்துக்கு எந்த கம்பெனி இருக்கிறதோ அதை வாங்கி, "ரெண்டும் 16 ஆம்ப்ஸ்தான் சார்" என்று மாட்டிவிட்டுப் போவார். மாட்டவும் முடியும். எல்லா கம்பெனியும் பெட்டிக்குள் இருக்கும் 35 மில்லிமீட்டர் ரெயிலுக்குத்தான் (எம்.சி.பி.யை மாட்டும் உலோகப் பட்டை) செய்கிறார்கள், அகலமும் கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர், டக்கென்று உட்கார்ந்துவிடும். ரெயிலில் உட்கார்ந்ததாலேயே பொருந்திவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு.

பார்க்க வேண்டிய இடம் ரெயில் இல்லை, பஸ்பார். வரிசையாக நிற்கும் எம்.சி.பி.க்களுக்கு கரண்ட் கொடுக்கிற, சீப்பு மாதிரி பல் வைத்த செம்புப் பட்டை. அந்தப் பல் நுழையும் டெர்மினல் வாய் எந்த உயரத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு மில்லிமீட்டர் மாறினாலே அந்தப் பல் நேராக உள்ளே போகாது.

போன மழைக்காலத்தில் அக்கா கூப்பிட்டு, "கீசர் போட்டா அஞ்சு நிமிஷத்துல எம்.சி.பி. விழுதுடா, பெட்டி பக்கத்துல போனா கருகல் வாடை வேற" என்றாள். திறந்து பார்த்தால் ஏழு எம்.சி.பி. ஒரே கம்பெனி, நடுவில் ஒன்று மட்டும் வேறு. ஸ்க்ரூ நன்றாக இறுகித்தான் இருந்தது. ஆனால் மெயினை அணைத்துவிட்டு பஸ்பாரைப் பிடித்து அசைத்தால் அந்த இடத்தில் மட்டும் ஆடியது. பல், ஸ்க்ரூ இறுக்கிப் பிடிக்கும் டெர்மினல் கூண்டுக்குள்ளேயே போகவில்லை, கூண்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் மேல் சாய்ந்து நின்றது, ஸ்க்ரூ வெறும் கூண்டை இறுக்கிப் பிடித்திருந்தது. பல்லின் நுனி கருநீலமாகி, பக்கத்து பிளாஸ்டிக் உருகிக் கொப்புளம் விட்டிருந்தது.

2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 9 ஆம்ப்ஸ்கூட இழுக்காது. 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி.க்கு அது ஓவர்லோடே இல்லை. லூஸ் கனெக்‌ஷனில் பிறந்த சூடு உள்ளே இருக்கும் பைமெட்டல் பட்டைக்கு (சூடானால் வளையும் இரட்டை உலோகப் பட்டை) ஏறி, அது வளைந்து, எம்.சி.பி. விழுகிறது. அதாவது ஏதோ தப்பு என்று அது கத்திக்கொண்டிருந்தது. எல்லா நேரமும் இப்படிக் கத்தும் என்றும் நம்ப முடியாது, ஏனென்றால் எம்.சி.பி.யின் வேலை ஓடுகிற கரண்டைப் பார்ப்பதுதான், லூஸ் கனெக்‌ஷனைக் கண்டுபிடிப்பது அல்ல. லூஸ் இடத்தில் அளவான கரண்ட் ஓடியே பிளாஸ்டிக் எரியலாம்.

எனக்கு முன்னால் வந்து பார்த்த வயர்மேன் என்ன சொன்னார் தெரியுமா, 16-க்குப் பதில் 32 ஆம்ப்ஸ் எம்.சி.பி. போட்டுவிடலாம் என்று. எனக்கு ரொம்பக் கோபம் வந்தது இதற்குத்தான். சுவருக்குள் போவது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். 32 ஆம்ப்ஸ் எம்.சி.பி. 36 ஆம்ப்ஸ் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்கு விழக்கூடாது என்றுதான் தரவிதியே சொல்கிறது. குழாய்க்குள் இருக்கும் அந்த வயர் இதைத் தாங்காது. எம்.சி.பி. காப்பது கீசரை அல்ல, வயரை.

பல்லை பிளையரால் வளைத்துச் செருகுவது, இடைவெளிக்கு செம்புத் துண்டு வைத்து நிரப்புவது, பஸ்பார் பல் இருக்கும் அதே வாயில் ஒரு வயரையும் சேர்த்துத் திணிப்பது, எல்லாம் இதே வம்புதான். ஒரே கம்பெனிக்குள்ளேயே இரண்டு சீரிஸுக்கு பஸ்பார் மாறுவதும் உண்டு, அதனால் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பெயரும் மாறுகிறது: எல் அண்ட் டி சுவிட்ச்கியர் 2020-ல் ஷ்னைடர் கைக்குப் போய், இப்போது லாரிட்ஸ் நுட்சன் என்று விற்கிறது. கடைக்காரர் "அதேதான் இது" என்றால் பழையதைப் பக்கத்தில் வைத்து டெர்மினலை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முகப்பில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். பி16 என்றால் அந்த 16 ஆம்ப்ஸைப் போல 3 முதல் 5 மடங்கு கரண்டில் உடனே விழும், சி16 என்றால் 5 முதல் 10 மடங்கில். கட்டத்துக்குள் 6000 என்றோ 10000 என்றோ இருப்பது ஷார்ட் சர்க்யூட்டை அறுக்கும் திறன், ஆம்பியரில். பழையதைவிட அது குறையக்கூடாது.

ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், மாற்றும்போது இன்னொன்று. நியூட்ரல் சில கம்பெனியில் இடப்பக்கம், சிலதில் வலப்பக்கம். பழைய வயரை அதே பக்கத்தில் செருகாமல், என் என்ற எழுத்தைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். த்ரீ பேஸ் வீட்டில் இது மாறினால், அது வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்கும் டெஸ்ட் பட்டனையே நம்ப முடியாது. ஆர்.சி.சி.பி.க்கு ஷார்ட் சர்க்யூட்டை அறுக்கும் வேலையும் கிடையாது, முன்னால் இருக்கும் எம்.சி.பி.தான் அதைக் காப்பாற்றுகிறது, எதற்கு எது ஜோடி என்று கம்பெனி தரும் அட்டவணை அவர்கள் பொருளுக்குத்தான்.

சரி, பழைய கம்பெனி கிடைக்கவே இல்லை என்றால்? அந்த வரிசையையே பஸ்பாரோடு மாற்றிவிடுங்கள், செலவுதான், ஆனால் சுத்தமான வழி. அது முடியாதபோது அந்த ஒன்றை மட்டும் பஸ்பாரில் இருந்து பிரித்து, லக் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) அடித்த, போதுமான கனமுள்ள தனி வயரில் சப்ளை கொடுக்கலாம், தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்து. ஐசோலேட்டரை (பெட்டியின் மெயின் சுவிட்ச்) அணைத்தாலும் அதற்கு வரும் பக்கம் உயிரோடுதான் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

அக்கா வீட்டில் கருகின பல்லை அப்படியே விட மனசு வரவில்லை, எம்.சி.பி.யோடு பஸ்பாரையும் மாற்றினோம். அப்புறம் அரை மணி நேரம் கீசரை ஓட விட்டோம். விழவில்லை, வாடையும் இல்லை.