பழுதான காரைக் கயிறு கட்டி இழுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கயிறு கட்டி இழுக்கப்படும் காரில் உட்கார்ந்திருப்பவருக்கு வேலை எதுவும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அன்று அதிகம் வேலை செய்ய வேண்டியவர் அவர்தான். முன்னால் போகும் வண்டி இழுக்க மட்டும்தான் செய்யும். இரண்டையும் சேர்த்து நிறுத்துவது பின்வண்டியின் பிரேக். இது புரியாமல், "நீ சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள் தம்பி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, லைசென்ஸ்கூட எடுக்காத பையனைப் பின்னால் உட்கார வைத்துவிடுகிறோம். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்தில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் எதை எடுத்துக்கொண்டாலும், ஒரு வண்டி நின்றுவிட்டால் பக்கியோடு (பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த வண்டி) ஓடிவர ஒரு மாமாவோ அண்ணனோ இருப்பார். கல்யாண வீட்டுக்குப் போகும் வழியானாலும், தைப்பூசக் காவடி முடிந்து திரும்பும் இரவானாலும், போன் போட்டால் வந்து நிற்பார். இந்த நல்ல மனசு நம் மக்களுக்கு இருப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அவசரத்தில் செய்யும் உதவி ஆளைக் கொன்றுவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், இழுக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். கயிறு கட்டி இழுப்பது ஊர் போய்ச் சேர்வதற்கான வழி அல்ல. ஆபத்தான இடத்திலிருந்து பக்கத்தில் உள்ள பத்திரமான இடத்துக்கு, அதாவது வெளிச்சமுள்ள ஒரு பெட்ரோல் பங்குக்கோ போலீஸ் நிலையத்துக்கோ தெரிந்தவர் வீட்டு வாசலுக்கோ, வண்டியை நகர்த்துவதற்கு மட்டுமே அது உதவும். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை இழுத்துப் போகலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு மறுத்துவிடுங்கள்.

என்2, என்3 போன்ற ஃப்ரீவேக்களில் அதை நினைக்கவே வேண்டாம். மற்ற வண்டிகள் 120 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற சாலையில் நீங்கள் 30-ல் ஊர்ந்தால், பின்னால் வருபவர் உங்கள் வேகத்தைக் கணிப்பதற்குள் மோதிவிடுவார். இடப்பக்க மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டோமே, இனிப் பயமில்லை என்று நினைப்பதும் தவறு. மெதுவாகப் போகும் லாரிகள் பின்னால் வருபவருக்கு வழிவிட அந்தக் கோட்டைத் தாண்டி ஒதுங்கி ஓட்டுவது இந்த நாட்டில் அன்றாட வழக்கம். அதே இடத்தில்தான் உங்கள் கார் நின்றுகொண்டிருக்கும். இரவிலும் மூடுபனியிலும் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டு, எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் குறைந்தது 45 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது விதி. சாதாரண நடையில் சுமார் அறுபது எட்டு. பலர் டிக்கியை ஒட்டியே வைத்துவிடுகிறார்கள், அதனால் யாருக்கும் பயனில்லை. செல்போனிலிருந்து 112 எங்கிருந்தும் வேலை செய்யும். என்3-ல் செடாராவுக்கும் ஹைடெல்பர்க்குக்கும் நடுவே நின்றுவிட்டால், அந்தச் சாலையைப் பராமரிக்கும் நிறுவனத்தின் இலவச எண் 0800 63 4357. போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.

சரி, உள்ளூர்ச் சாலைதான், தூரமும் கொஞ்சம்தான், இழுத்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்கச் சாலை விதிகள் இரண்டு எண்களைச் சொல்கின்றன. இரண்டு வண்டிகளுக்கும் நடுவே கயிறு 3.5 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. கயிறு கட்டி இழுக்கும்போது வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. லேர்னர்ஸ் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் நாம் மறந்துவிடுகிற எண்கள் இவை.

இவை ஏன் முக்கியம் என்று கணக்குப் போட்டாலே தெரியும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 8 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. முன்வண்டி திடீரென்று பிரேக் பிடித்தால், பின்னால் இருப்பவர் அதைக் கண்டு காலை அழுத்துவதற்கே ஒரு விநாடி ஆகிவிடும். முன்வண்டியும் அதே இடத்தில் நின்றுவிடப்போவதில்லைதான், ஆனாலும் நடுவில் இருப்பது மூன்றரை மீட்டர் மட்டுமே. வேகம் 50 ஆனால் அந்த இடைவெளி எதற்கும் போதாது. "மெதுவாகப் போனால் எப்போது போய்ச் சேர்வது?" என்று கேட்கிற மாமாக்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுங்கள்.

கயிறு விஷயத்தில் நடக்கும் தவறுகள் ஏராளம். துணி காயப்போடும் கொடி, பழைய தேங்காய்நார்க் கயிறு, கேட்டில் தொங்கும் சங்கிலி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கட்டுகிறார்கள். சங்கிலி கொஞ்சமும் நெகிழாது, அதனால் ஒவ்வொரு குலுக்கலும் நேராகக் கொக்கியில் போய் அடிக்கும். இழுபடும் வண்டியின் எடைக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் நைலான் பட்டைக் கயிறே நல்லது. அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு மறுபடி பயன்படுத்தாதீர்கள். முடிச்சு விழுந்த இடத்தில் கயிறு பாதி பலத்தைக்கூட இழந்துவிடலாம். நடுவில் ஒரு வெள்ளை அல்லது சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிடுங்கள். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

அந்தக் கயிற்றை எங்கே மாட்டுகிறோம் என்பது அதைவிட முக்கியம். பம்பரில் கட்டினால் பம்பர் கையோடு வந்துவிடும். வண்டிக்கு அடியில் குனிந்து, கண்ணில் படும் முதல் கம்பியில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். பல நேரம் அது ஸ்டியரிங்கோடு சேர்ந்த கம்பியாகவோ சக்கரத்தைத் தாங்கும் கம்பியாகவோ இருக்கும். அது வளைந்துவிட்டால், முதலில் இருந்த பழுதைவிடப் பெரிய பழுதோடு வீடு திரும்புவீர்கள். பெரும்பாலான கார்களில் ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில், ஜாக்கியோடு ஒரு இரும்பு வளையமும் வைத்திருப்பார்கள். முன் பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றிவிட்டு அதைத் திருகிச் செருக வேண்டும். வோக்ஸ்வேகன் போன்ற சில வண்டிகளில் அது வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கமாகச் சுற்றினால்தான் ஏறும். தெரியாதவர்கள் வலப்பக்கமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது சேரவில்லை" என்று தூக்கிப் போடுவார்கள், அல்லது அரைகுறையாக மாட்டிவிட்டுக் கிளம்புவார்கள். கடைசிவரை இறுகியிருக்கிறதா என்று கம்பி ஒன்றை நுழைத்துச் சுற்றிப் பாருங்கள்.

இழுக்கும் பக்கியில் டிரெய்லர் மாட்டும் உருண்டை இருக்கும். சேற்றிலோ மணலிலோ சிக்கிய வண்டியை அதில் கயிறு கட்டி வெடுக்கென்று இழுப்பது உயிரோடு விளையாடுவது. அந்த உருண்டை டிரெய்லரின் சீரான பாரத்துக்காகச் செய்தது, அப்படிப்பட்ட அதிர்ச்சிக்காக அல்ல. முறிந்தால் தோட்டாவைப் போலப் பறக்கும். கயிறு இறுகியிருக்கும் நேரத்தில் யாரும், குறிப்பாக வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள், அதன் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

இப்போது பின்வண்டிக்கு வருவோம். சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், முதல் வளைவிலேயே கார் நேராகப் போய்விடும். ஆகவே சாவி 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். பிரேக்குக்கு எஞ்சின் தருகிற துணையும் நின்றுவிடுகிறது. மிச்சமிருக்கும் காற்றழுத்த உதவியால் இரண்டு மூன்று தடவை வழக்கம்போல மிதிக்கலாம். அதற்குப் பிறகு பெடல் இறுகிவிடும், முழு பலத்தோடு அழுத்தினால்தான் வண்டி நிற்கும். இது தெரியாதவர் பிரேக்கே போய்விட்டது என்று பதறுவார். கிளம்பும் முன், நின்ற இடத்திலேயே நாலைந்து தடவை பெடலை மிதித்து அந்த இறுக்கத்தைப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். நல்ல பலமும் ஓட்டிய அனுபவமும் உள்ளவர்தான் அந்த இருக்கையில் உட்கார வேண்டும். அவரைத் தவிர வேறு யாரும் அந்தக் காரில் வேண்டாம், பிள்ளைகளையும் பெரியவர்களையும் வேறு வண்டியில் அனுப்பிவிடுங்கள். பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோதான் கோளாறு என்றால், கயிற்றுப் பேச்சே வேண்டாம்.

முன்வண்டி முதல் கியரில், கயிறு மெல்ல இறுகும்வரை ஊர்ந்து, அதன்பிறகுதான் இழுக்க வேண்டும். பின்னால் இருப்பவரின் ஒரே குறிக்கோள் கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்வது. முன்வண்டி வேகம் குறைக்கப்போகிறது என்று தெரிந்தவுடனே, அதற்கு முன்பே இவர் பிரேக்கை லேசாக அழுத்த வேண்டும். கயிறு தொய்ந்து தரையில் விழுந்தால் முன்சக்கரம் அதன்மேல் ஏறும், அடுத்த இழுப்பில் வெடுக்கென்று அறுந்துவிடும். நிறுத்த வேண்டுமானால் எத்தனை ஹாரன் என்பதைக் கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடித்துப் பேசுவது சட்டப்படியும் குற்றம். இன்னொன்று, ஹசார்டு லைட் எரியும்போது பல கார்களில் திரும்பும் சிக்னல் வேலை செய்யாது. அதனால் கையைக் காட்டித் திரும்புங்கள்.

இறக்கங்கள்தான் எனக்குப் பெரிய கவலை. சாட்ஸ்வர்த்தின் மேடு பள்ளங்களைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் 2013-இல் ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து வந்து 24 பேரைப் பலிகொண்டதை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இறக்கத்தில் பின்வண்டி முன்வண்டியை நோக்கி உருண்டு வரும். அதைத் தடுக்க இருப்பது இறுகிப்போன அந்த ஒரு பெடல் மட்டுமே. வழியில் செங்குத்தான இறக்கம் இருந்தால், சுற்றிப் போக வேண்டியிருந்தாலும் சமமான பாதையைத் தேர்ந்தெடுங்கள். அப்படிப் பாதையே இல்லையென்றால் இழுக்க வேண்டாம்.

சந்திப்புகளிலும் கவனம் வேண்டும். மின்வெட்டில் ரோபோ, அதாவது டிராஃபிக் லைட், எரியாதபோது அந்த இடம் நாலு பக்கமும் நின்று முறைவைத்துப் போகும் சந்திப்பாகிவிடும். நீங்கள் இரண்டு வண்டிகளாக ஒரே முறையில் கடக்க வேண்டியிருக்கும். முன்வண்டி போனதும் அடுத்தது தன் முறை என்று நினைத்து, குறுக்கே வருபவர் வண்டியை நடுவில் நுழைத்துவிடுவார். நடந்து போகிறவர்களும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே இடம் இருக்கிறது என்று கால் வைத்துவிடுவார்கள், கயிறு கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் அந்த வண்ணத் துணி. இருட்டிய பிறகு துணியும் தெரியாது என்பதால், முடிந்தவரை பகலிலேயே இழுங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டிகள் தனிக் கதை. அவற்றின் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்பு எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சின் நின்ற காரைச் சக்கரம் தரையில் உருள இழுத்தால், உள்ளே எண்ணெய் இல்லாமல் பாகங்கள் உரசித் தேயும். சில கார்களை நியூட்ரலில் கொஞ்ச தூரம் இழுக்கலாம், சிலவற்றை இழுக்கவே கூடாது. கையேட்டில் எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம் என்று எழுதியிருக்கும், அதை நம்புங்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளை, முன்சக்கரத்தை மட்டும் தூக்கிப் பின்சக்கரம் உருளக் கொண்டுபோவதும் தவறு. ஹைப்ரிட், மின்சார வண்டிகளை மொத்தமாகத் தூக்கி வைக்கும் ஃப்ளாட்பெட் லாரியில்தான் ஏற்ற வேண்டும். சக்கரம் உருண்டால் உள்ளே இருக்கும் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யும், சேதமாகலாம், தீப்பிடிக்கவும் கூடும். டர்பன் ப்ராஸ்பெக்டனில் தயாராகும் கரோலா கிராஸிலும் ஹைப்ரிட் வகை உண்டு. பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி தீர்ந்த வண்டியைக் கயிற்றில் இழுத்தபடியே ஸ்டார்ட் செய்யப் பார்ப்பதும் வேண்டாம். எஞ்சின் பிடித்த கணம் கார் முன்னால் பாயும், மூன்றரை மீட்டரில் முன்வண்டி நிற்கிறது. இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைத்து ஸ்டார்ட் செய்ய உதவும் ஜம்ப் கேபிள் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கடைசியாக, பழுதான வண்டிகளைக் கூலிக்கு இழுத்துப் போகும் டோ டிரக். விபத்து நடந்த சில நிமிடங்களிலேயே, நீங்கள் கூப்பிடாமலேயே ஒன்றிரண்டு டோ டிரக்குகள் வந்து நிற்பது இங்கே சகஜம். அதிர்ச்சியில் இருக்கும்போது கொக்கியை மாட்டிவிட்டுத் தாளை நீட்டுவார்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போன் செய்து, அவர்கள் அனுப்பும் வண்டிக்காகக் காத்திருங்கள். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் இழுத்துப் போனால், இழுவைக் கூலியும், காரைத் தங்கள் கொட்டகையில் வைத்திருப்பதற்கான வாடகையும் உங்கள் தலையில் விழலாம். வாடகை நாளுக்கு நாள் ஏறும், கட்டும்வரை காரை விடமாட்டார்கள். வேறு வழியில்லாமல் ஏற்றிவிட வேண்டியிருந்தால், கூலி எவ்வளவு, ஒரு நாள் வாடகை எவ்வளவு, எந்த முகவரிக்குப் போகிறது என்ற மூன்றையும் தாளில் எழுத வைத்து, அந்தத் தாளையும் டோ டிரக்கின் நம்பர் பிளேட்டையும் போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.