எந்த ஃபிரேம்வொர்க்கிலும் ஓடும் கம்போனென்ட் லைப்ரரி போடுவது எப்படி

பாசிக்குடா ஹோட்டலுக்கு வேர்ட்பிரஸ், கல்முனைக் கடைக்கு ரியாக்ட், அம்பாறை நெல் ஆலைக் கணக்குக்கு ஆங்குலர் என்று ஒரே ஆளுக்கு மூன்று விதமான வேலை வருவது மட்டக்களப்பில் வெப் செய்கிறவர்களுக்குப் புதிதில்லை. மூன்றுக்கும் அதே பட்டனையும் திகதிப் பெட்டியையும் (இப்படியான பாகங்கள்தான் கம்போனென்ட், அவற்றின் தொகுப்பே லைப்ரரி) திரும்பத் திரும்ப எழுதுவது வீண் உழைப்பு. பிரவுசருக்கே புரிகிற கஸ்டம் எலிமென்ட்டாக, அதாவது நாமே பெயரிட்டு உருவாக்கும் எச்டிஎம்எல் டேக்காக எழுதினால் ஒருமுறை போதும்.

கோட் எழுதுமுன் ஒவ்வொரு கம்போனென்ட்டும் வெளியிலிருந்து எதை வாங்கும், என்ன ஈவென்ட் (அழுத்தியது, மாறியது போன்ற அறிவிப்பு) அனுப்பும், எந்த இடத்தில் ஸ்லாட் (வெளியிலிருந்து உள்ளடக்கம் வந்து உட்காரும் இடம்) விடும் என்று எழுதி வையுங்கள். உள்ளே எதையும் பிறகு மாற்றலாம், இந்தப் பட்டியலை மாற்றினால் மூன்று கஸ்டமரின் தளமும் உடையும்.

சரி, கருவிகளுக்கு வீட் (கோடைப் பில்ட் செய்து தருவது), டைப்ஸ்கிரிப்ட் (வகை சரிபார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட்), லிட் (கஸ்டம் எலிமென்ட் எழுத உதவும் சிறு லைப்ரரி) மூன்றும் போதும். வீட் கருவியை லைப்ரரி மோடில் வைத்து இரண்டு பில்ட் எடுங்கள்: என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் களஞ்சியத்துக்குப் போவதில் லிட்டை வெளியே விடுங்கள், வேர்ட்பிரஸில் ஸ்கிரிப்ட்டாகச் செருகுவதில் லிட்டையும் சேர்த்து ஒரே ஃபைலாக்குங்கள். டேக் பெயர் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தொடங்க வேண்டும், நடுவில் ஹைபன் கட்டாயம். ஒரே பெயரை இரண்டு தரம் பதிந்தால் எரர் வரும் என்பதால், ஏற்கனவே பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள். இருக்கிற எச்டிஎம்எல் பட்டனை 'இஸ்' என்ற அட்ரிபியூட் கொண்டு நீட்டிக்கும் முறையை சஃபாரி ஏற்காது, அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

நம் ஊருக்கு முக்கியமான இடம் எழுத்துகள்தான். இங்கே ஒரே பக்கம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வர வேண்டியிருக்கும், ஆகவே எந்தச் சொல்லையும் கம்போனென்ட்டுக்குள் எழுதி வைக்காதீர்கள், ஸ்லாட் வழியாக வரட்டும். பட்டனுக்கு நிலையான அகலம் கொடுத்தால் ஆங்கிலத்தில் 'சேவ்' என்று அழகாக நிற்கும், 'சேமிக்கவும்' வந்ததும் பிதுங்கும். பேடிங் மட்டும் கொடுங்கள், உயரத்தையும் கட்டிவைக்காதீர்கள், வரி உயரத்தைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். ஷேடோ டாமுக்குள் (கம்போனென்ட்டின் உள்பகுதியை வெளி சிஎஸ்எஸ்ஸிலிருந்து பிரித்து வைக்கும் ஏற்பாடு) ஃபொன்ட்-ஃபேஸ் (ஃபொன்ட்டை ஏற்றும் சிஎஸ்எஸ் விதி) எழுதினால் வேலை செய்யாது, தமிழ் ஃபொன்ட்டைப் பக்கத்தின் முதன்மை சிஎஸ்எஸ்ஸிலேயே ஏற்றுங்கள், ஃபொன்ட்-ஃபேமிலி தானாக உள்ளே இறங்கும். நிறம், மூலை வளைவு எல்லாம் சிஎஸ்எஸ் வேரியபிளாக இருக்கட்டும், அவையும் ஷேடோ டாமைத் தாண்டி உள்ளே போகும், அதற்கு மேலும் வெளி சிஎஸ்எஸ்ஸுக்குத் திறந்துவிட வேண்டிய பாகத்துக்கு மட்டும் 'பார்ட்' பெயர் கொடுங்கள்.

ஷேடோ டாமுக்குள்ளிருந்து அனுப்பும் கஸ்டம் ஈவென்ட்டுக்கு பபிள்ஸ் (மேல் எலிமென்ட்டுகளுக்கு ஏறுவது), கம்போஸ்ட் (ஷேடோ டாமைத் தாண்டுவது) இரண்டையும் ட்ரூ ஆக்காவிட்டால் வெளியே சரியாகக் கேட்காது. இன்புட் வகைக் கம்போனென்ட் என்றால் ஃபார்ம்-அசோசியேட்டட் என்று அறிவித்து, அட்டாச்-இன்டர்னல்ஸ் மூலம் மதிப்பைக் கொடுங்கள். அது இல்லாமல் ஃபார்ம் சப்மிட் ஆகும்போது திகதி போகாது.

ரியாக்ட் 19 (2024 டிசம்பர்) முதல் ஆப்ஜெக்ட், அரே எல்லாம் புரொபர்ட்டியாகவே போகும், அதற்கு முந்தைய பதிப்புகளில் வெறும் எழுத்தாக மாறிவிடும் என்பதால் ரெஃப் மூலம் எலிமென்ட்டை நேரடியாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஆங்குலரில் கஸ்டம் எலிமென்ட்ஸ் ஸ்கீமாவைச் சேர்த்தால் சரி.

முதலில் ஃபிரேம்வொர்க் எதுவும் இல்லாத வெறும் எச்டிஎம்எல் பக்கத்தில் சோதியுங்கள். என்பிஎம்மில் போட விருப்பமில்லையென்றால் 'என்பிஎம் பேக்' கொடுத்து வரும் ஃபைலை அந்தந்தப் புரொஜெக்ட்டில் நிறுவலாம். சிஎஸ்எஸ் வேரியபிள் ஒன்றின் பெயரை மாற்றினாலும் மேஜர் பதிப்பெண்ணை (பதிப்பின் முதல் எண்ணை) ஏற்றுங்கள்.