கோட்டை அருங்காட்சியகம்: போகுமுன் வராகன் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள்

சென்னையில் ஆட்டோக்காரரிடம் 'மியூசியம்' என்று மட்டும் சொன்னால் எழும்பூரில் இறக்கிவிட்டுவிடுவார். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு 'கோட்டை, தலைமைச் செயலகம்' என்று சொல்ல வேண்டும். ரயிலில் வந்தால் சென்னைக் கோட்டை நிலையத்தில் இறங்கி நடக்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை.

கோட்டைக்குள் செயலகம் இயங்குவதால் வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும், பெரிய பை வேண்டாம். சட்டமன்றம் கூடும் நாள்களில் கெடுபிடி கூடும் என்பதால் அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். படம் எடுக்க அனுமதி உண்டா என்பதை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழையுமுன் கட்டடத்தைச் சற்று அண்ணாந்து பாருங்கள். 1795இல் கட்டி முடித்தபோது இது வணிகர்களும் கப்பல் தலைவர்களும் கூடிப் பேரம் பேசும் 'எக்ஸ்சேஞ்ச்'. சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796இல் இதன் மொட்டை மாடியில்தான் எரியத் தொடங்கியது, அதுவும் தேங்காய் எண்ணெயில். அருங்காட்சியகமானது 1948இல்.

வாளையும் துப்பாக்கியையும் யாரும் சொல்லாமலே பார்த்துவிடுவார்கள். நாணயக் கூடத்தைத்தான் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள், கணக்குத் தெரியாததால். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. பொன் வராகனில் ஒருபுறம் திருமால், மறுபுறம் நட்சத்திரம் என்றால் அதுதான் நட்சத்திர வராகன். கம்பெனி வெளியிட்ட வெள்ளி இரட்டைப் பணத்தில் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு நான்கையும் தேடிப் பாருங்கள். சந்தையில் காசு கைமாறும் ஆள்கள் எல்லோருக்கும் புரிய வேண்டுமே! 1818இல் சென்னை ரூபாய்க் கணக்குக்கு மாறியது.

இதற்குப் பூதக்கண்ணாடி கொண்டுபோவது நல்லது. ஆனால் நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் உதவாது. அதைப் பொருளுக்கு இரண்டரை சென்டிமீட்டர் அருகில் பிடித்தால்தான் தெளியும், பெட்டியின் கண்ணாடி அதற்கு இடம் தராது. 2 மடங்கு பெருக்கும் அகலமான கண்ணாடியே போதும்.

1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய பட்டுத் தேசியக் கொடியும் இங்கேதான் இருக்கிறது. பட்டின் சாயம் வெளிச்சம் படப்பட வெளுக்கும். அதனால் பிளாஷ் கூடவே கூடாது. வெயிலிலிருந்து வந்த கண் மங்கலான ஒளிக்குப் பழக ஒரு நிமிடமாவது நின்று பாருங்கள்.

கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸின் சிலையும் இங்கே உண்டு. அதன் முகத்தைவிடப் பீடம் முக்கியம். 1792இல் திப்புவின் இரு மகன்களைப் பிணையாகப் பெற்ற காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. செனடாப் சாலைக்கு அந்தப் பெயர் வந்ததும் இவருக்கு அங்கே எழுப்பிய நினைவு மண்டபத்தால்தான் (ஆங்கிலத்தில் அது 'செனடாப்').

அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, நான்கு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். கோட்டைக்குள்ளேயே 1680இல் திறந்த புனித மேரி தேவாலயம் இருக்கிறது. அதன் முற்றத்தில் பாவியிருப்பவை பழைய இடுகாட்டின் கல்லறைக் கற்கள். 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்த இடுகாட்டில் மறைந்து தாக்கியதால், பிற்பாடு கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். உச்சி வெயிலில் அவற்றில் ஓர் எழுத்தும் பிடிபடாது. மாலைச் சாய்வெயிலில் தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், அப்போது படித்துவிடலாம்.