கார் ஸ்டீரியோவின் கறுப்பு வயரை எங்கே இணைப்பது?

காரில் புதிதாக ஸ்டீரியோ பொருத்தும்போது மஞ்சள், சிவப்பு வயர்களுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பலர் கறுப்பு வயருக்குக் காட்டுவதில்லை. மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எந்நேரமும் 12 வோல்ட்டைக் கொண்டுவருகிறது. சிவப்பு வயர் சாவியைத் திருப்பியதும் செட்டை இயக்குகிறது. உள்ளே வந்த மின்னோட்டம் காரின் இரும்பு உடல் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்புவதற்கு உள்ள முறையான ஒரே வழி கறுப்பு வயர், அதாவது எர்த்.

என் பழைய காரில் ஒரு கடையில் பொருத்தித் தந்த செட், வால்யூமை ஏற்றினால் அணைந்து அணைந்து எரிந்தது. செட்டை வெளியே இழுத்து ஆன்டெனா பிளக்கை உருவியதும் திரை முற்றிலும் இருண்டுவிட்டது. கறுப்பு வயர், வெறும் பிளாஸ்டிக்கில் ஏறியிருந்த ஒரு ஸ்க்ரூவின் கீழ் செருகப்பட்டிருந்தது. ஆன்டெனா கேபிளின் மெல்லிய வெளிவலைதான் அத்தனை நாளும் எர்த்தாக வேலை செய்திருக்கிறது.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். காரில் ஐ.எஸ்.ஓ. கப்ளர் (ஸ்டீரியோ வயர்களைச் செருகும் பொதுத் தர பிளக்) இருந்தால் மின் இணைப்புக்கான பகுதியில் 8-ஆவது பின் எர்த் ஆகும். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள செட்டுக்குக் காரோடு வந்த கம்பெனி எர்த் வயரே பெரும்பாலும் போதும். அதை வெட்டாமல் பொருத்தமான அடாப்டர் வழியாக இணைப்பதே நல்லது.

அந்த வயர் அறுந்தோ துருப்பிடித்தோ இருந்தால் புதிய இடம் தேட வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் கதவுக்குக் கதவு குறுக்கே ஓடும் உலோகச் சட்டம் பெரும்பாலான கார்களில் இதற்கு ஏற்றது. ஏர்பேக்கைத் தாங்கும் போல்ட்டுகளையும் மஞ்சள் உறையிட்ட ஏர்பேக் வயர்களையும் தொடவே கூடாது. தேர்ந்தெடுத்த இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உலோகம் பளபளவென்று தெரியும்படி செய்யுங்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்த்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண். மஞ்சள் வயருக்குக் குறையாத கனமுள்ள வயரை இயன்றவரை குட்டையாக எடுத்து, முனையில் வளையத் திம்பிளை (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அழுத்திப் பொருத்தி, ஸ்டார் வாஷர் (பல் வைத்த வாஷர்) வைத்து இறுக்கிய பின் மேலே சிறிது வாசலின் தடவினால் துரு அண்டாது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு குலுங்கும் வண்டியில் தளர்ந்துவிடும்.

ஸ்பீக்கர்களின் நெகட்டிவ் வயர்களை எர்த்தோடு சேர்த்துவிடாதீர்கள். இன்றைய செட்டுகளின் உள் ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கருக்குச் செல்லும் இரண்டு வயர்களிலும் ஏறக்குறைய 6 வோல்ட் இருக்கும்; அவற்றில் ஒன்றைக் காரின் உடலோடு இணைத்தால் ஆம்ப்ளிஃபயரின் ஐ.சி. (சிப்) எரிந்துபோகும் அபாயம் உண்டு.

எர்த் சரியாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது. பேட்டரியை மீண்டும் இணைத்து, பென்டிரைவிலிருந்து பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, டி.சி. வோல்ட் அளவில் வைத்த மல்டிமீட்டரின் ஒரு முனையைச் செட்டின் உலோகக் கூட்டிலும், மறுமுனையை நீண்ட வயர் கொண்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். அப்போது ஆன்டெனா பிளக்கும் ஆர்.சி.ஏ. கேபிள்களும் (செட்டிலிருந்து தனி ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியைக் கொண்டுசெல்பவை) கழற்றப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் என் காரில் நடந்ததுபோல் அவை குறையை மறைத்துவிடும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக உள்ளது. அரை வோல்ட்டை நெருங்கினால் இணைப்பைப் பிரித்து மீண்டும் தேய்த்து இறுக்க வேண்டும்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க உயரும் ‘கீய்ங்’ என்ற இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்டால், டிக்கியில் தனி ஆம்ப்ளிஃபயர் இருக்கும் வண்டிகளில் முதலில் அதன் எர்த்தைப் பாருங்கள். அந்த வயர் அதன் பவர் கேபிளின் அதே கனத்தில், அரை மீட்டருக்குள், அதேபோல் தேய்த்த உலோகத்தில் முடிய வேண்டும்.