வாடகைக்கு விட ஃபிளாட் வாங்குகிறீர்களா? முதலில் இஸ்திரிக்காரரைப் பாருங்கள்

சென்னைப் புறநகரில் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கி வாடகைக்கு விடலாம் என்று நினைப்பவர்களுக்கு, நான் தடுக்கி விழுந்து கற்றதைச் சொல்கிறேன். "வாடகையே இஎம்ஐயைக் கட்டிடும் சார்" என்பார் புரோக்கர். தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

படி 1: உண்மையான வாடகை

தெருமுனையில் இஸ்திரி வண்டி இருக்கும். நாலு சட்டையைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். எந்த வீடு எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, மே மாதம் எத்தனை தண்ணீர் லாரி வருகிறது, 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது, எல்லாம் அவருக்குத் தெரியும். அப்புறம் அதே தெருவில் தொங்கும் டு-லெட் போர்டு மூன்றுக்கு, வாடகைக்கு வருபவர் போலப் போன் செய்யுங்கள். மூன்றில் குறைந்த தொகையைத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

படி 2: பேப்பர், பேனா

ஃபிளாட் விலை 50 லட்சம், வாடகை 16,000 என்று வைத்துக்கொள்வோம். பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%. அதோடு புரோக்கர் கமிஷன், பெயின்ட், குழாய் வேலை எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 56 லட்சம் கைவிட்டுப் போகும். வருடத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்றே போடுங்கள்: 11 மாத வாடகை 1,76,000. சொத்து வரி 4,000, ரிப்பேர் 12,000 கழித்தால் 1,60,000. 56 லட்சத்துக்கு இது 2.86% தான். 35 லட்சம் கடனை 8.5% வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் இஎம்ஐ 30,000-ஐத் தாண்டும், முதல் மாத வட்டி மட்டுமே 24,000-க்கு மேல். மீதியைச் சம்பளத்திலிருந்து போட முடியாதென்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

படி 3: யூடிஎஸ் (மனையில் உங்களுக்குச் சேரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு)

வாடகை இவ்வளவுதான் என்றால் எதற்கு வாங்குவது? நிலத்துக்காக. கட்டடத்துக்கு வயசாகும், விலை ஏறுவது உங்கள் பங்கு நிலத்துக்குத்தான். பளபள லாபியைவிட, 900 சதுர அடி ஃபிளாட்டுக்கு 450 சதுர அடி யூடிஎஸ் உள்ள பழைய மூன்று மாடிக் கட்டடத்தைத்தான் நான் எடுப்பேன். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் தந்த பிளான் மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள், ஆனால் பாத்ரூம் கூரையில் டார்ச் அடித்துப் பார்ப்பது உங்கள் வேலை. அங்கே மஞ்சளாக வட்டம் தெரிந்தால் மேல்வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று அர்த்தம், அதைச் சரிசெய்ய மேல்வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்.

படி 4: ஆள் பிடிப்பது

16,000-க்கு வந்த குடும்பத்தை 17,000 வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. போன 32,000-ஐ அந்த ஆயிரத்தால் மீட்க 32 மாதம் ஆகும். இதில் ரோஷம் வேறு!

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, 11 மாத ஒப்பந்தமானாலும் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். பழைய பத்து மாத அட்வான்ஸ் பழக்கமும் இனி சரிப்படாது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை சட்டம் மூன்று மாத வாடகையோடு நிறுத்துகிறது.

படி 5: வரி

வந்த வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30% கழிவு. ரிப்பேருக்கு நிஜமாக எவ்வளவு செலவழித்தாலும் அந்த 30% தான், பில்லைச் சேர்த்து வைத்துப் பயனில்லை. அப்புறம் கடன் வட்டியையும் கழிக்கலாம். நஷ்டம் வந்தால் பழைய வரி முறையில் 2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம். புதிய முறையில் அது கிடையாது, "டாக்ஸ் மிச்சம்" என்று சொல்லி விற்பவரிடம் இதைக் கேளுங்கள்.

படி 6: சாவி கொடுக்கும் நாள்

குடிவருபவரை வைத்துக்கொண்டே ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு வீடியோ எடுங்கள். ஈபி மீட்டர் ரீடிங்கையும் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.